உக்கிராணத்துவம் (கிறித்தவம்)

உக்கிராணத்துவம் என்பது, ஒருவரிடம் உள்ள பணம், நிலம், நேரம், திறமை ஆகிய அனைத்தும் கடவுளுக்குச் சொந்தமானவை, மனிதர் அவற்றைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பொறுப்பேற்று நடத்திப் பின்னர் கணக்கு ஒப்படைக்க வேண்டியவர் எனக் கொள்ளும் கிறித்தவக் கருத்தாகும். காணிக்கை, தசமபாகம், ஏழைகளுக்கு உதவுதல், கடன், சேமிப்பு, குடும்பச் செலவு ஆகியவை பற்றிய கிறித்தவப் போதனைகள் பெரும்பாலும் இக்கருத்தை அடிப்படையாகக் கொண்டவை. நடைமுறையில் இது "வருமானத்தில் எத்தனை விழுக்காடு கொடுக்க வேண்டும்?" என்ற ஒரே கேள்வியாகச் சுருங்கிவிடுவதுண்டு. விவிலியத்திலும் தொடக்கத் திருச்சபை எழுத்துகளிலும் விழுக்காட்டைவிடக் கணக்குக்கே கூடுதல் இடம் தரப்பட்டுள்ளது. கொடுப்பவர் மட்டுமின்றி, காணிக்கையைப் பெற்றுச் செலவிடுபவரும் அங்கு உக்கிராணக்காரராகவே கருதப்படுகிறார்.

சொல்லும் பொருளும்

உக்கிராணம் என்னும் சொல் பண்டங்கள் சேமித்து வைக்கும் அறையைக் குறிக்கும். திருமண வீடுகளில் அரிசி, பருப்பு, காய்கறி, வெற்றிலை பாக்கு முதலியவை வைக்கப்படும் அறை உக்கிராண அறை எனப்படுகிறது. அதன் சாவி நம்பிக்கையான உறவினர் ஒருவரிடம் இருக்கும். உள்ளே இருப்பது எதுவும் அவருடையது அன்று. ஆயினும் சமையற்காரர் எதைக் கேட்டாலும் அவரிடமே கேட்க வேண்டும். பந்தி முடிந்தபின் மிஞ்சியது எவ்வளவு என்று வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டியவரும் அவரே. சீர்திருத்தத் திருச்சபையினர் பயன்படுத்தும் பழைய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பு "உக்கிராணக்காரன்" என்ற சொல்லை ஆண்டதால், அதிலிருந்து உக்கிராணத்துவம் என்ற சொல் தமிழ்க் கிறித்தவ வழக்கில் நிலைபெற்றது. கத்தோலிக்கரும் சீர்திருத்தத் திருச்சபையினரும் இணைந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பு "வீட்டுப் பொறுப்பாளர்" என்கிறது. பொருள் எளிதில் விளங்கும் சொல் இதுவே. எனினும் சாவியும் சரக்கும் சேர்ந்து மனக்கண்ணில் தோன்றுவது பழைய சொல்லில்தான்.

மூலக் கிரேக்கச் சொல் ஓய்கொனொமொஸ் என்பதாகும். வீடு என்று பொருள்படும் ஓய்கொஸ் என்ற சொல்லை முதற்பகுதியாகக் கொண்ட இச்சொல், செல்வர் வீடுகளின் வரவு செலவைக் கவனித்த பணியாளரைக் குறித்தது. இவர்களுள் பலர் அடிமைகள் அல்லது விடுவிக்கப்பட்ட அடிமைகள் ஆவர். பொருளியலைக் குறிக்கும் ஐரோப்பியச் சொற்களும் இதே வேரிலிருந்து தோன்றியவை.

பழைய ஏற்பாட்டில்

பத்தில் ஒரு பங்கு கொடுக்கும் வழக்கம் தொடக்க நூலிலேயே இரு இடங்களில் வருகிறது. ஆபிரகாம் போரில் கிடைத்தவற்றில் பத்தில் ஒரு பங்கைச் சாலேம் அரசனும் குருவுமான மெல்கிசெதேக்குக்குக் கொடுத்தார். யாக்கோபு, தான் பாதுகாப்பாகத் திரும்பி வந்தால் பத்தில் ஒரு பங்கு கொடுப்பதாகப் பெத்தேலில் நேர்ந்துகொண்டார். இவை இரண்டும் சட்டம் ஏற்படுவதற்கு முற்பட்டவை.

மோசேயின் சட்டத்தில் தசமபாகம் மூன்று வகையாகப் பேசப்படுகிறது. எண்ணிக்கை நூலின்படி அது லேவியருக்கு உரியது. மற்றக் குலங்களைப் போல லேவியருக்கு நிலப்பங்கு தரப்படாததால் இது அவர்களின் வாழ்வாதாரமாக இருந்தது. அவர்களும் தாம் பெற்றதில் பத்தில் ஒரு பங்கைக் குருக்களுக்குக் கொடுக்க வேண்டும். இணைச் சட்ட நூல் கூறுவது வேறு: விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைக் கடவுள் தேர்ந்துகொள்ளும் இடத்துக்குக் கொண்டுசென்று குடும்பத்தோடு உண்டு மகிழ வேண்டும். வழி தொலைவானால் விற்றுப் பணமாக எடுத்துச் சென்று, அங்கே விரும்பிய உணவையும் திராட்சை இரசத்தையும் வாங்கிக்கொள்ளலாம். மூன்றாம் ஆண்டுப் பங்கை அவரவர் ஊரிலேயே வைத்து லேவியர், அந்நியர், தாய்தந்தையற்றோர், கைம்பெண்கள் ஆகியோர் உண்ணக் கொடுக்க வேண்டும். தசமபாகத்தைப் பற்றிப் பேசும் பலர் இந்த விருந்துப் பகுதியைக் குறிப்பிடுவதில்லை.

யூத மரபு இவற்றை முதல் தசமபாகம், இரண்டாம் தசமபாகம், ஏழையர் தசமபாகம் என வகைப்படுத்தியது. முதல் தசமபாகம் எல்லா ஆண்டுகளுக்கும் உரியது. ஏழாண்டுச் சுழற்சியில் 1, 2, 4, 5 ஆம் ஆண்டுகளில் இரண்டாம் தசமபாகமும், 3, 6 ஆம் ஆண்டுகளில் ஏழையர் தசமபாகமும் சேரும். ஏழாம் ஆண்டு நிலம் தரிசாக விடப்படும். 100 மூட்டை விளைந்தால் முதலில் 10 மூட்டை போக, எஞ்சிய 90 இல் மேலும் 9 மூட்டை போகும். ஆக, விவிலியத் தசமபாகம் என்பது உண்மையில் 10 விழுக்காடு அன்று, 19 விழுக்காட்டை ஒட்டியது. மேலும் அது நிலத்தின் விளைச்சலுக்கும் கால்நடைகளுக்கும் விதிக்கப்பட்டது. தச்சரின் கூலியைப் பற்றியோ மீனவரின் வலையைப் பற்றியோ சட்ட நூல்கள் தசமபாகம் பேசவில்லை. எனவே, "மொத்தச் சம்பளத்திலா, பிடித்தம் போகக் கையில் வருவதிலா?" என்று மாதச் சம்பளக்காரர் எழுப்பும் கேள்விக்கு விவிலியத்தில் நேரடி விடை தேடுவது வீண் முயற்சியாகும்.

காணிக்கைப் பிரசங்கங்களில் மிகுதியாக எடுத்தாளப்படும் மலாக்கி நூலின் மூன்றாம் அதிகாரம், மக்கள் தசமபாகத்தைப் பண்டசாலைக்குக் கொண்டுவராமல் கடவுளை வஞ்சித்ததாகக் குற்றம் சாட்டுகிறது. இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது நெகேமியா நூலின் பதின்மூன்றாம் அதிகாரம். பங்கு கிடைக்காத லேவியர் தத்தம் வயல்களுக்குத் திரும்பிவிட்டதைக் கண்ட நெகேமியா, மக்களைக் கண்டித்ததோடு நிற்கவில்லை. குரு ஒருவர், எழுத்தர் ஒருவர், லேவியர் ஒருவர், துணையாள் ஒருவர் என உண்மையானவர்களாக மதிக்கப்பட்ட நால்வரைப் பண்டசாலைக்குப் பொறுப்பாக நியமித்தார்.

இதற்கும் முற்பட்ட ஒரு நிகழ்ச்சி அரசர்கள் நூலில் உள்ளது. கோவிலைப் பழுதுபார்ப்பதற்கான பணத்தைக் குருக்கள் பெற்றுக்கொண்டிருந்தும், யோவாசு அரசனின் 23 ஆம் ஆட்சியாண்டு வரை வேலை நடக்கவில்லை. அதன்பின் மூடியில் துளையிட்ட பெட்டி ஒன்று பலிபீடத்தின் அருகே வைக்கப்பட்டது. பெட்டி நிறையும்போது அரசனின் எழுத்தரும் தலைமைக் குருவும் சேர்ந்து எண்ணிப் பைகளில் கட்டினர். இருவர் சேர்ந்து எண்ணும் முறை பற்றிய மிகப் பழைய குறிப்புகளுள் இது ஒன்று. அதே அதிகாரத்தில், வேலையை நடத்தியவர்கள் நேர்மையாக நடந்துகொண்டதால் அவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை என்ற குறிப்பும் உண்டு. கணக்குக் காட்ட விரும்பாத பொறுப்பாளர்களுக்கு இவ்வசனம் மிகவும் பிடித்தமானது. எண்ணிக் கட்டிய பிறகே பணம் அவர்கள் கைக்குப் போயிற்று என்பதையும் அவர்கள் நினைவில் கொள்ளலாம்.

புதிய ஏற்பாட்டில்

இயேசு தசமபாகத்தைப் பற்றி நேரடியாகப் பேசிய இடங்கள் மிகக் குறைவு. மத்தேயு நற்செய்தியில், புதினாவிலும் சீரகத்திலும் கூடப் பத்தில் ஒரு பங்கைக் கணக்கிட்டுக் கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் கைவிட்டவர்களை அவர் கண்டிக்கிறார். முன்னதை விட்டுவிடச் சொல்லவும் இல்லை. லூக்காவில், தசமபாகம் கொடுப்பதைத் தன் பெருமையாகக் கோவிலில் எடுத்துரைக்கும் பரிசேயர் ஒருவரைக் கதைமாந்தராகக் காட்டுகிறார்.

பணத்தைப் பற்றி அவர் கூறிய உவமைகள் இதைவிட விரிவானவை. தாலந்து உவமையில் தலைவர் ஒருவர் மூன்று பணியாளர்களிடம் முறையே ஐந்து, இரண்டு, ஒரு தாலந்தை ஒப்படைத்துச் செல்கிறார். ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் கூலியாளின் ஒரு நாள் ஊதியம். ஆண்டுக்கு 300 வேலை நாள் என்று கொண்டால் ஒரு தாலந்து 20 ஆண்டு உழைப்புக்குச் சமம். ஆக, மிகக் குறைவாகப் பெற்றவனும் சிறு தொகையைப் பெறவில்லை. பணத்தைப் புதைத்து வைப்பது அக்காலத்தில் பாதுகாப்பான வழியாகவே கருதப்பட்டது. அப்படியிருந்தும், அதனைச் செய்தவன் கண்டிக்கப்படுகிறான். லூக்காவின் 16 ஆம் அதிகாரத்தில் வரும் உவமையோ விளக்கவுரையாளர்களைத் திணறடிப்பது: பதவி பறிபோகப்போகும் உக்கிராணக்காரன் ஒருவன் தலைவரின் கடனாளிகளுடைய சீட்டுகளில் தொகையைக் குறைத்து எழுதச் செய்கிறான், தலைவரோ அவனுடைய முன்யோசனையைப் பாராட்டுகிறார்.

எருசலேம் கோவிலில் கைம்பெண் ஒருவர் போட்ட இரண்டு காசுகள் லெப்டான் எனப்படும் மிகச் சிறிய செப்புக் காசுகள். அவ்விரண்டும் சேர்ந்து ஒரு தெனாரியத்தில் 64 இல் ஒரு பங்கு. ஒரு நாள் கூலி 640 ரூபாய் எனக் கொண்டால் அது 10 ரூபாய் ஆகும். மற்றவர்கள் தங்களிடம் மிகுந்திருந்ததிலிருந்து போட்டனர், இவரோ பிழைப்புக்கு இருந்த அனைத்தையும் போட்டார் என்று இயேசு சுட்டிக்காட்டினார். இப்பகுதி பொதுவாகத் தியாகத்துக்கு எடுத்துக்காட்டாகப் படிக்கப்படுகிறது. இதற்கு முந்தைய வசனங்களிலேயே கைம்பெண்களின் வீடுகளை விழுங்கும் மறைநூல் அறிஞரை இயேசு கண்டிப்பதால், இதனை அந்த அமைப்பின் மீதான புலம்பலாகப் படிக்கும் அறிஞர்களும் உள்ளனர்.

பவுல், எருசலேமில் வறுமையுற்ற கிறித்தவர்களுக்காகக் கொரிந்து, மக்கெதோனியா முதலிய இடங்களில் பணம் திரட்டினார். அவருடைய மடல்களில் பத்தில் ஒரு பங்கு என்ற அளவு எங்கும் இல்லை. வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் தம் வரவுக்கு ஏற்ப ஒதுக்கி வைக்க வேண்டும், வற்புறுத்தலின்றி மனத்தில் தீர்மானித்தபடி கொடுக்க வேண்டும் என்பனவே அவர் கூறிய நெறிகள். அத்தோடு, பெருந்தொகையைக் கையாளுவதில் யாரும் குறை சொல்லாதபடி, சபைகளே தேர்ந்தெடுத்த ஆட்களைப் பணத்துடன் அனுப்ப ஏற்பாடு செய்தார். திருத்தூதர் என்ற தகுதியே போதும் என்று அவர் கருதவில்லை. இயேசுவின் சீடர்களுள் பணப்பையை வைத்திருந்தவர் யூதாசு என்பதும், அதிலிருந்து அவர் எடுத்துக்கொண்டார் என்று யோவான் நற்செய்தி கூறுவதும் இங்கு நினைவுகூரத்தக்கன.

தொடக்கத் திருச்சபை

இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுதிய யுஸ்தின், ஞாயிறு வழிபாட்டில் வசதியுள்ளோர் விருப்பப்படி கொடுத்ததைத் தலைவர் பெற்றுத் தாய்தந்தையற்றோர், கைம்பெண்கள், நோயாளிகள், சிறைப்பட்டோர், வெளியூரார் ஆகியோருக்கு உதவினார் என்கிறார். வட ஆப்பிரிக்காவின் தெர்த்தூலியன், மாதம் ஒருமுறை அவரவர் இயன்றதைப் போடும் பொதுப் பெட்டியைக் குறிப்பிட்டு, யாரும் கட்டாயப்படுத்தப்படுவதில்லை என்று அழுத்திச் சொல்கிறார். டிடாக்கே என்னும் பழைய கையேடு, இறைவாக்கினருக்கு முதற்பலன் கொடுக்கச் சொல்கிறது. தனக்காகப் பணம் கேட்பவன் போலி இறைவாக்கினன் என்றும் அதுவே எச்சரிக்கிறது. கிறித்தவத்தை எதிர்த்த உரோமைப் பேரரசர் யூலியன், 362 ஆம் ஆண்டளவில் எழுதிய கடிதத்தில், இவர்கள் தம் ஏழைகளோடு பிறருடைய ஏழைகளையும் பராமரிக்கிறார்களே என்று தம் தரப்பினரிடம் குறைபட்டுக்கொண்டார்.

கட்டாய வரியாக மாறுதல்

திருச்சபை அரசோடு இணைந்தபின் தசமபாகம் மீண்டும் தலைதூக்கியது. 585 ஆம் ஆண்டில் பிரான்சில் கூடிய மாக்கோன் சங்கம், தசமபாகம் கொடாதவரைத் திருச்சபையிலிருந்து விலக்க விதி செய்தது. 779 ஆம் ஆண்டில் சார்லமேன் அதனை அரச ஆணையாக்கினார். வரவை ஆயர், குருக்கள், ஏழைகள், கோவில் கட்டடம் என நான்காகப் பிரிக்கும் பழைய முறை ஒன்று இருந்தது. காலப்போக்கில் தசமபாக உரிமையே விற்கவும் வாங்கவும் கூடிய சொத்தாகி, மடங்களுக்கும் நிலப்பிரபுக்களுக்கும் கைமாறியது. ஏழைகளின் பங்கு பல இடங்களில் காணாமற்போயிற்று.

இதன் விளைவுகள் கசப்பானவை. இங்கிலாந்தில் குவேக்கர்கள் தசமபாகம் செலுத்த மறுத்ததால் அவர்களுடைய பொருட்கள் பறிமுதல் செய்யப்பட்டன. பிரான்சில் புரட்சி தொடங்கிய 1789 ஆம் ஆண்டின் ஆகத்து மாதத்திலேயே தசமபாகம் ஒழிக்கப்பட்டது. அயர்லாந்தில் பெரும்பான்மையினரான கத்தோலிக்கக் குடியானவர்கள், தாம் சேராத ஆங்கிலிக்கத் திருச்சபைக்குத் தசமபாகம் கொடுக்க வேண்டியிருந்தது. 1831 ஆம் ஆண்டில் கில்கென்னி மாவட்டத்தில் தொடங்கிய எதிர்ப்பு தசமபாகப் போர் எனப்படுகிறது. மாடுகளைப் பறிமுதல் செய்யக் காவலரும் படையினரும் அனுப்பப்பட்டனர். 1834 ஆம் ஆண்டு இறுதியில் ரத்கோர்மக்கில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் பலர் உயிரிழந்தனர். இங்கிலாந்தில் 1836 ஆம் ஆண்டுச் சட்டம் தானியமாகக் கொடுப்பதை மாற்றி, கோதுமை, வாற்கோதுமை, ஓட்சு ஆகியவற்றின் ஏழாண்டுச் சராசரி விலையை ஒட்டிய பணக்கட்டணமாக்கியது. அதன் கடைசி எச்சங்கள் 1977 ஆம் ஆண்டில்தான் நீங்கின.

செருமனியின் திருச்சபை வரியை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது திருச்சபை உறுப்பினரிடம் மட்டும் பெறப்படுவது. பவேரியா, பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலங்களில் 8 விழுக்காடும் ஏனையவற்றில் 9 விழுக்காடும் ஆகும். ஆனால் இவ்விழுக்காடு வருமானத்தின் மீதன்று, வருமான வரியின் மீதே கணக்கிடப்படுகிறது. திருச்சபையிலிருந்து முறைப்படி விலகியவர் இதைச் செலுத்த வேண்டியதில்லை. அரசு வரியில்லாத ஐக்கிய அமெரிக்காவில் 19 ஆம் நூற்றாண்டுச் சபைகள் பல, இருக்கைகளை வாடகைக்கு விட்டுச் செலவைச் சமாளித்தன. முன்வரிசைக்கு வாடகை கூடுதல். செல்வருக்கு நல்ல இருக்கை தருவதைக் கண்டிக்கும் யாக்கோபு மடலை அச்சபைகளிலும் வாசித்திருப்பார்கள்.

வெஸ்லியும் முல்லரும்

மெதடிச இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி (1703–1791), பணத்தின் பயன் பற்றிய பிரசங்கத்தில், இயன்றவரை ஈட்டு, இயன்றவரை சேமி, இயன்றவரை கொடு என மூன்று விதிகளை வகுத்தார். முதல் விதிக்கு அவர் இட்ட வரம்புகள் கடுமையானவை. உடல்நலத்தையோ அயலாரின் பிழைப்பையோ கெடுக்கும் தொழிலில் ஈட்டக் கூடாது. சேமிப்பு என்று அவர் கூறியதும் வங்கியில் போடுவதை அன்று, வீண்செலவைத் தவிர்ப்பதையே ஆகும்.

ஆக்சுபோர்டு மாணவர் ஒருவரைப் பற்றி வெஸ்லி எழுதியுள்ளார். அது அவரையே குறிப்பதாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. ஆண்டு வருமானம் 30 பவுண்டாக இருந்தபோது அவர் 28 பவுண்டில் வாழ்ந்து 2 பவுண்டைக் கொடுத்தார். வருமானம் 60 ஆனபோதும் 28 இலேயே வாழ்ந்து 32 ஐக் கொடுத்தார். 90 ஆனபோது 62. 120 ஆனபோது 92. இங்கு நிலையாக இருப்பது கொடையின் விழுக்காடு அன்று, வாழ்க்கைச் செலவு. சம்பளம் உயரும்போதெல்லாம் செலவும் தானாகவே உயர்ந்துவிடும் இக்காலக் குடும்பங்களுக்கு 10 விழுக்காட்டைவிடக் கடினமான கணக்கு இது. 1776 ஆம் ஆண்டில் வரித்துறையினர் வெள்ளிப் பாத்திரங்களுக்குக் கணக்குக் கேட்டபோது, இலண்டனில் இரண்டும் பிரிஸ்டலில் இரண்டுமாக வெள்ளிக் கரண்டிகள் உள்ளன என்று அவர் பதில் எழுதினார். தம் மக்கள் முதலிரு விதிகளைப் பின்பற்றிச் செல்வராகி மூன்றாவதை மறந்துவிட்டனர் என்பது அவருடைய முதுமைக்கால வருத்தம்.

ஜார்ஜ் முல்லர் (1805–1898) பிரிஸ்டலில் 1836 ஆம் ஆண்டு முதல் நடத்திய இல்லங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆதரவற்ற குழந்தைகள் வளர்ந்தனர். யாரிடமும் பணம் கேட்பதில்லை, கடன் வாங்குவதில்லை என்பன அவருடைய விதிகள். அதேவேளை, சிறு தொகையாயினும் பதிவு செய்து ஆண்டறிக்கையில் வெளியிட்டார். அறிக்கையே மறைமுக வேண்டுகோள் ஆகிவிடாதா என்ற ஐயம் அவருக்கும் இருந்திருக்க வேண்டும். நிதி வறண்டிருந்த 1841 ஆம் ஆண்டு இறுதியில் அறிக்கையை அவர் தள்ளிப்போட்டார். திருநெல்வேலிப் பகுதியில் டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் 1901 ஆம் ஆண்டு முதல் உருவாக்கிய இல்லமும் நிதி கேட்காத இதே வழியில் நடந்தது.

கடன்

கடன் வாங்கியவன் கொடுத்தவனுக்கு அடிமை என்ற கருத்து நீதிமொழிகள் நூலில் உள்ளது. ஏழையிடம் வட்டி வாங்கக் கூடாது என்பது மோசேயின் சட்டம். இடைக்காலத் திருச்சபை வட்டியை முற்றிலும் தடைசெய்தது. கால்வின் போன்ற சீர்திருத்தவாதிகள் வரம்புக்குட்பட்ட வட்டியை ஏற்றனர். தடையோ அனுமதியோ, ஏழையின் அவசரக் கடனைத் தீர்க்கவில்லை. 1462 ஆம் ஆண்டில் இத்தாலியின் பெருசியாவில் பிரான்சிஸ்கன் துறவிகளின் முயற்சியால் ஏழைகளுக்கான அடகுக் கடை தொடங்கப்பட்டது. வெஸ்லி 1746 ஆம் ஆண்டில் இலண்டனில் சிறுகடன் நிதி ஒன்றை ஏற்படுத்தினார். 20 சில்லிங் வரை கொடுத்து, மூன்று மாதத்துக்குள் திரும்பப் பெறுவது அதன் முறை.

செருமனியில் ஊர்த் தலைவராக இருந்த பிரீட்ரிக் வில்கெல்ம் ரைபைசன் (1818–1888), 1846–47 பஞ்சத்தின்போது தானியம் வாங்கி ரொட்டி சுட்டுக் கொடுக்கும் சங்கம் அமைத்தார். செல்வரின் தருமத்தை மட்டும் நம்பிய சங்கங்கள் நீடிக்காததைக் கண்டு, 1864 ஆம் ஆண்டில் ஹெடஸ்டார்பில் உறுப்பினர்களே பொறுப்பேற்கும் கடன் சங்கத்தை நிறுவினார். அவரை இயக்கியது கிறித்தவ நம்பிக்கையே. சென்னை மாகாண அதிகாரி பிரடெரிக் நிக்கல்சன் 1890களில் அளித்த அறிக்கை இவருடைய முறையையே பரிந்துரைத்தது. 1904 ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்துக்கு அவ்வறிக்கை வழிவகுத்தது. தமிழக ஊர்களிலுள்ள கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கும் உக்கிராணத்துவக் கருத்துக்கும் உள்ள இத்தொடர்பு பரவலாக அறியப்படாதது.

இந்தியாவில்

19 ஆம் நூற்றாண்டின் நடுவில் ஹென்றி வென், ரூபஸ் ஆண்டர்சன் ஆகியோர், மறைப்பணியால் உருவான சபைகள் தம்மைத் தாமே தாங்கவும் ஆளவும் பெருக்கவும் வேண்டும் என்ற கொள்கையை முன்வைத்தனர். திருநெல்வேலித் தமிழ்க் கிறித்தவர்கள் 1903 ஆம் ஆண்டில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தை நிறுவி, வெளிநாட்டுப் பணமின்றி ஐதராபாத் நிசாம் ஆட்சிப் பகுதியிலிருந்த தோர்ணக்கலுக்கு ஊழியரை அனுப்பினர். அதன் நிறுவனர்களுள் ஒருவரான வேதநாயகம் சாமுவேல் அசரியா (1874–1945) 1912 ஆம் ஆண்டில் முதல் இந்திய ஆங்கிலிக்க ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். கிறித்தவக் கொடை பற்றி ஆங்கிலத்தில் நூல் ஒன்றும் எழுதினார். வறியவர்களும் கொடுக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். கொடுக்க இயலாதவர் என்று ஒருவரை ஒதுக்குவது அவரை இரங்கத்தக்கவராக மட்டுமே வைத்திருப்பது என்ற பார்வை அதில் அடங்கியிருந்தது.

தமிழ்நாட்டின் சீர்திருத்தத் திருச்சபைகளில் ஞாயிறு காணிக்கை, ஆண்டுச் சந்தா, நன்றிக் காணிக்கை, அறுப்பின் பண்டிகை எனப் பல வகையில் கொடை சேர்கிறது. அறுப்பின் பண்டிகையில் நெல், வாழைத்தார், கோழி, தேங்காய் முதலியவற்றைக் கொண்டுவந்து படைத்துப் பின்னர் ஏலம் விடுவர். பூசணிக்காய் ஒன்று சந்தை விலையைப்போலப் பல மடங்குக்குப் போவதுண்டு. போட்டி மனப்பான்மையைத் தூண்டுகிறது என்று இதனைக் குறைகூறுவோர் உள்ளனர். பணம் கையில் இல்லாத குடும்பமும் முருங்கைக்கீரைக் கட்டு ஒன்றைப் படைக்க முடிகிறது என்பது இதன் மறுபக்கம். பல சபைகளில் சந்தா செலுத்தியவர் பெயரே வாக்காளர் பட்டியலில் இடம்பெறுகிறது. இதனால் தேர்தல் ஆண்டில் பிறருடைய நிலுவைச் சந்தாவை வேட்பாளரே கட்டிவிடும் பழக்கம் பற்றிய முறையீடுகளும் எழுகின்றன. வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்ற போதனைக்கும், மின்விசிறி இறக்கை வரை எழுதப்படும் கொடையாளர் பெயர்களுக்கும் உள்ள இடைவெளி எல்லாரும் அறிந்ததே.

மிசோரத்தில் பூபாய் தாம் எனப்படும் பிடியரிசிக் காணிக்கை 1910 ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகிறது. ஒவ்வொரு வேளைச் சமையலின்போதும் பெண்கள் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பர். அதைச் சபைப் பெண்கள் வீடுவீடாகத் திரட்டி விற்றுத் திருச்சபைப் பணிகளுக்குக் கொடுப்பர். ஒரு பிடி 40 கிராம், நாளுக்கு இருவேளை எனக் கொண்டால் ஆண்டுக்கு ஒரு வீட்டிலிருந்து ஏறத்தாழ 29 கிலோ சேரும். பிடியரிசி வழக்கம் தமிழ்நாட்டுச் சபைகளிலும், கிறித்தவம் சாராத அறப்பணிகளிலும் உண்டு.

விழுக்காடு பற்றிய சர்ச்சை

தசமபாகம் கட்டாயமா என்பதில் திருச்சபைகளிடையே ஒருமித்த கருத்து இல்லை. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் திருச்சபையின் தேவைகளுக்கு உதவும் கடமையைக் கூறுகிறதேயன்றி அளவைக் கூறவில்லை. ஏழாம் நாள் அட்வென்டிஸ்டு சபையும் பெந்தெகொசுதே சபைகள் பலவும் பத்தில் ஒரு பங்கை வலியுறுத்துகின்றன. மாதம் 8,000 ரூபாய் ஈட்டுபவர் 800 கொடுத்தால் 7,200 இல் வாடகையும் மளிகையும் பார்க்க வேண்டும். 80,000 ஈட்டுபவருக்கோ 72,000 எஞ்சுகிறது. ஒரே விழுக்காடு, ஒரே சுமை அன்று. அமெரிக்க இறையியலாளர் ரொனால்டு சைடர் 1977 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், வருமானம் உயர உயர விழுக்காடும் உயரும் படிநிலைத் தசமபாகத்தைப் பரிந்துரைத்தார்.

கொடுத்தால் பன்மடங்காகத் திரும்பக் கிடைக்கும் என்று வாக்களிக்கும் செழிப்புப் போதனை மற்றொரு சிக்கல். விதைப்பும் அறுப்பும் பற்றிய பவுலின் உருவகமே இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. அவ்வுருவகம் தொலைதூர ஏழைகளுக்கான நிவாரணம் பற்றியது, போதகரின் வரவு பற்றியது அன்று. கடன் வாங்கிக் காணிக்கை கொடுக்கத் தூண்டுவது இப்போதனையின் மிகக் கொடிய விளைவாகும். தன் குடும்பத்தைப் பராமரிக்காதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்று திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் மடல் கூறுகிறது.

கணக்கு

ஐக்கிய அமெரிக்காவில் 1979 ஆம் ஆண்டில் நற்செய்தி அமைப்புகள் தமக்குள் நிதிப் பொறுப்புடைமைக்கான மன்றம் ஒன்றை நிறுவின. தணிக்கை செய்யப்பட்ட கணக்கைக் கேட்பவருக்குக் கொடுப்பது அதன் உறுப்பினருக்கான விதிகளுள் ஒன்று. இந்தியச் சபைகள் பலவற்றில் ஆராதனை முடிந்ததும் இருவரோ மேற்பட்டோரோ காணிக்கையை ஒன்றாக எண்ணிப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிடுகின்றனர். சில சபைகளில் அடுத்த வாரம் அது வாசிக்கப்படுகிறது. பெயர் தெரியாத நன்கொடைகளுக்கு 2006 ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வரி விதித்தபோது, முழுவதும் சமயம் சார்ந்த அறக்கட்டளைகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. பைக்குள் போடப்படும் பணத்துக்குப் பெயர் இல்லை என்பதை அது ஏற்றுக்கொண்டது. இப்போது கோவில் தூண்களில் கைப்பேசிவழிப் பணம் செலுத்தும் கட்டக் குறியீடுகள் ஒட்டப்பட்டுள்ளன. அவ்வழியில் வரும் தொகையை யாரும் எண்ண வேண்டியதில்லை. ஆனால் அனுப்பியவர் பெயரும் தொகையும் நேரமும் சபையின் வங்கிக் கணக்கைப் பார்ப்பவருக்குத் தெரிந்துவிடுகின்றன.